பின்சக்கரத்தில் மூன்று ஒட்டு

அத்தியாயம் 14

தீர்த்தம்மாள் தகரப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஏன் வந்தாள் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை, அவளுக்குத் தாலி கட்டிய பச்சியப்பனும் திறக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சொல்லாமல் விட்டதைக் கம்பைநல்லூர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

அண்ணன் சென்றாயனுக்கு அந்தக் கதைகள் தேவைப்படவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் தங்கை வந்து இறங்கியபோது அவள் இடது கன்னம் வீங்கியிருந்தது. அவனுக்கு அது போதும்.

போன ஞாயிறு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வெற்றிலை மேல் கை வைத்து அவன் செய்த சத்தியம் நினைவிருக்கும். "இந்த அஞ்சு மாசத்துல அந்தாளு ஒரு தடவ கூட எங்க வாசலுக்கு வந்து எந்தங்கச்சியைக் கூப்புடல. நான் சொல்றது பொய்யா இருந்தா இந்தக் கையி அழுவிப் போவட்டும்." அழைக்க வராத புருஷனிடமிருந்து பெண்ணைப் பிரித்துத் தீர்த்துவிடுவது அவர்கள் வழக்கம். பத்து நாள் கழித்துப் புதன்கிழமை மறுபடி கூடிப் பேசி முடித்துவிடலாம் என்றார்கள். சைக்கிள் கடை வைத்திருக்கும் அப்பா மாது அப்போது பக்கத்தில்தான் நின்றார். அவர் பார்வை மட்டும் தரையில் இருந்தது. அதை அன்று யாரும் கவனிக்கவில்லை, நாமும்தான்.

இந்த ஞாயிறு சென்றாயன் ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பியவன், தர்மபுரியில் தான் பிட்டராக இருக்கும் லாரிப் பட்டறையிலேயே இரண்டு நாள் தங்கிவிட்டு, காலை ஆறு மணிக்கு நாலு ரோட்டில் சைக்கிளோடு நின்றான். அவனோடு இன்னும் முப்பத்தொரு சைக்கிள்கள் நின்றன. ஆனி மாதம் இரண்டாவது ஞாயிறு கோட்டை சைக்கிள் கிளப் தீர்த்தமலைக்குப் போகும் நாள். ஐந்து வருஷமாக ஒரு தடவையும் தவறியதில்லை.

கிளப்பின் கேப்டன் முகம்மது கவுஸ். கைலிக் கடைக்காரர். கழுத்தில் விசில், கையில் பழைய பிஸ்கட் டப்பா. அந்த டப்பாவுக்குள் முப்பத்திரண்டு சீட்டு.

முதல் வருஷம் ஓர் ஆசாமி ஏற்றத்தில் மயங்கி விழுந்து, மற்றவர்கள் மலையடிவாரத்தில் பூரி தின்று கை கழுவிய பிறகுதான் ஆளைக் காணோம் என்று தெரிந்தது. அன்றிலிருந்து ஜோடிச் சீட்டு. கவுஸ் பாய் டப்பாவைக் குலுக்கி இரண்டிரண்டு பெயராக எடுப்பார். ஜோடியில் ஒருவனிடம் காற்றடிக்கிற பம்ப், மற்றவனிடம் பஞ்சர் பெட்டி. ஒருவன் நின்றால் மற்றவனும் நிற்க வேண்டும். போய்ச் சேரும்போதும் தர்மபுரிக்குத் திரும்பும்போதும் ஜோடியாக வந்து நின்றால்தான் நோட்டில் பெயர் ஏறும். ஒற்றையாக வந்தால் இரண்டு பேரையும் கிளப்பைவிட்டுத் தூக்கிவிடுவார்கள்.

"சென்றாயன்" என்று படித்தார் பாய். அடுத்த சீட்டைப் பிரித்தார். கொஞ்சம் தயங்கினார். "பச்சியப்பன்."

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேருக்கு அந்த நிமிஷமே சைக்கிள் மணியைத் துடைக்க வேண்டியிருந்தது.

"பாய், வேற சீட்டு எடுங்க."

"டப்பாவுல வந்தது வந்ததுதாம்ப்பா. உனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னு வச்சா கிளப்பை இழுத்து மூட வேண்டியதுதான்."

"இந்தாளு கூட நான் சுடுகாட்டுக்குக் கூட ஜோடி போவ மாட்டேன்."

"சுடுகாட்டுக்குப் போவறதுக்கு எங்கிட்ட எதுக்குக் கேக்கற? தீர்த்தமலைக்கு வர்றதுன்னா இதான் சீட்டு. வரலைன்னா இப்படியே வூட்டுக்குப் போ."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பச்சியப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பட்டு வளர்ச்சித் துறை ஊழியன். மல்பெரித் தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் போய்ப் புழு பார்க்கிறவன். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தான்.

"எனக்கு ஆட்சேபணை இல்லீங்க பாய்" என்றான். சென்றாயனை அவன் பார்க்கவே இல்லை.

அந்த அலட்சியம்தான் சென்றாயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஞ்சர் பெட்டியைப் பாயின் கையிலிருந்து பிடுங்கிக் கேரியரில் சொருகினான். பம்ப் பச்சியப்பனிடம் போயிற்று. விசில் ஊதியது.

இந்தக் கல்யாணத்துக்குத் தரகர் யாரும் கிடையாது. இந்தக் கிளப்தான் தரகர். மூன்று வருஷத்துக்கு முன் இதே தீர்த்தமலை ரோட்டில், எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போன ஏற்றத்தில் பச்சியப்பன் ஒருவன் மட்டும் இறங்காமல் மிதித்தான். சென்றாயன் அதைப் பார்த்தான். அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னான்: "ஏத்தத்துல எறங்காத ஆளுப்பா. பொண்ணையும் பாதியில எறக்கி உட மாட்டான்." ஜாதகம், நிலம், நாலு பேரிடம் விசாரணை எல்லாம் அதற்கப்புறம்தான். மனுஷனின் தொடையைப் பார்த்து மனசை எடைபோடுகிற மடத்தனம் சைக்கிள்காரர்களைத் தவிர வேறு யாருக்கு வரும்?

பதினாறு மைல் அவர்கள் பேசவில்லை. சென்றாயன் வேண்டுமென்றே வேகமாக மிதித்தான். மூச்சிரைக்கட்டும், கெஞ்சட்டும், "கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று ஒரு வார்த்தை வரட்டும். வரவில்லை. பின்னால் இருபது அடியில் அந்தப் பெடல் சத்தம் மாறாமல் வந்துகொண்டே இருந்தது. ஐந்து மாதமாக மாப்பிள்ளை என்ற சொல் சென்றாயன் வாயில் வரவில்லை. இனிமேல் வரப்போவதும் இல்லை என்று எண்ணிக்கொண்டான்.

கம்பைநல்லூருக்குள் நுழைந்தார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் இவர்கள் இருவரையும் ஜோடியாகப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் டீயைப் புரையேற்றிக்கொண்டான். சீட்டு விழுந்த லட்சணத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று சென்றாயன் நினைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு போனான்.

கடைத்தெருவில் அவர்கள் வீடு. முன்பக்கம் சைக்கிள் கடை, பின்பக்கம் குடித்தனம். மாது வாசலில் நின்றிருந்தார். மகன் போனான், பார்த்தார். மாப்பிள்ளை வந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் பின்சக்கரத்தைப் பார்த்தார்.

"பின்னால காத்து கம்மியா இருக்குது" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

யாரும் நிற்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு பச்சைச் சேலை தெரிந்தது போல சென்றாயனுக்கு இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஊரைத் தாண்டி, மாந்தோப்புகள் முடிந்து, ரோடு மலையைப் பார்க்கத் திரும்பியது. இரண்டு பக்கமும் புளியமரம். அதற்கப்புறம் மரமும் இல்லை, கல்லும் கருவேலமும்தான். வெயில் ஏறிவிட்டது. ஜோடி ஜோடியாக மற்றவர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பாதி ஏற்றத்தில் பின்னாலிருந்து வந்த பெடல் சத்தம் நின்றது.

சென்றாயன் இன்னும் பத்து மிதி மிதித்தான். பிறகு சட்டம் நினைவுக்கு வந்தது. காறித் துப்பிவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்தான்.

"என்னா?"

"காத்து எறங்கிப் போச்சி."

"எங்கப்பன் சொன்னாரு இல்ல? காதுல என்னா, உன் பட்டுப்பூச்சி கூடு கட்டியிருக்குதா?"

சென்றாயன் பஞ்சர் பெட்டியை எடுத்து அவன் காலடியில் வீசினான். "போட்டுக்க."

பச்சியப்பன் குனிந்து பெட்டியை எடுத்தான். திறந்தான். உள்ளே இருந்த தட்டைக் கம்பி, உப்புத்தாள், சொல்யூஷன், கத்தரி, சிவப்பு ரப்பர் எல்லாவற்றையும் பார்த்தான். மூடினான்.

"எனக்குப் போடத் தெரியாது."

"மூணு வருசமா கிளப்புல கீற. பஞ்சர் போடத் தெரியாது?"

"தெரியாது."

"தெரியாததை இவ்ளோ ஜம்பமா சொல்றியே, அது எங்கய்யா கத்துக்கிட்ட?"

சென்றாயன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டான். வேறு வழியில்லை. டயரின் ஓரத்தைக் கம்பியால் நெம்பி, ட்யூபை உருவி வெளியே எடுத்தான். வால்வுக்குப் பக்கத்தில் நீலப் பென்சிலில் தேதி. அவன் எழுதியதுதான். எதை மாட்டினாலும் தேதி எழுதுவது பட்டறைப் பழக்கம். போகிக்கு முந்தின நாள், தங்கை வீட்டுக்குப் பொங்கல் சீர் கொண்டு போனபோது, அரிசி வெல்லத்தோடு புது டயரும் ட்யூபும் வாங்கிப் போய் அவனே மாட்டிவிட்டு வந்தான். சைக்கிள் கடைக்காரர்கள் சீர் வேறு எப்படி இருக்கும்?

ட்யூபைக் கையில் ஓட்டிக்கொண்டே வந்தவனின் விரல் ஓர் இடத்தில் நின்றது.

ஒட்டு. லாரி ட்யூபில் வெட்டிய சிவப்பு ரப்பர். வட்டமாகவும் இல்லை, சதுரமாகவும் இல்லை. எட்டு மூலை வைத்து வெட்டி, விளிம்பைக் காகிதம் போல் சீவியிருந்தது. மூலை கூர்மையாக இருந்தால் அங்கேதான் முதலில் பிரியும் என்று சொல்லி, ஒட்டை அப்படி வெட்டுகிறவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒருவர்தான்.

ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் மூன்றாவது. மூன்றாவது கொஞ்சம் கோணல். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது போல என்று நினைத்தான். அப்படி நினைத்த பிறகுதான் நீலப் பென்சில் தேதியை மறுபடி பார்த்தான்.

பொங்கலுக்கு மாட்டிய ட்யூப். தங்கை வந்துவிட்டது மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். அப்படியானால் இந்த ஒட்டெல்லாம் அதற்கப்புறம்.

"இது எங்கப்பன் போட்டது."

பச்சியப்பன் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உன்னைத்தான் கேக்கறேன். எங்க வூட்டுக்கு வந்தியா?"

"வந்தேன்."

"எத்தினி தடவ?"

"ட்யூபு உங்க கையிலதான கீது. எண்ணிக்கங்க."

சென்றாயன் எழுந்தான். "பொய் சொல்லாத. வந்திருந்தா நாலு பேரு பாத்திருப்பாங்க."

"தெருவுல வந்தா காலை வெட்டுவேன்னு ஆளு உட்டுச் சொல்லியனுப்புனீங்க இல்ல? அதான் மாசியில ஒரு தடவ, சித்திரையில ஒரு தடவ, ஏரிக்கரை மேல வந்து பின்பக்கமா நின்னேன். வேலை நாளுதான். நீங்க இருக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சிதான் வந்தேன்."

"திருடன் வர்ற வழி."

"ஆமா. வழி பூராவும் முள்ளு. ரெண்டு தடவயும் பஞ்சர் ஆச்சி. மாமா ஒரு வார்த்தை பேசல. ஒக்காந்து ஒட்டு போட்டாரு, காத்தடிச்சாரு, போங்கன்னாரு."

"மூணாவது?"

பச்சியப்பன் மறுபடி மலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "அதை உங்க வூட்ல கேளுங்க" என்றான்.

சென்றாயன் தன் வலது கையைப் பார்த்தான். டயர்க் கரியும் சொல்யூஷனுமாகக் கறுத்திருந்தது. வெற்றிலை மேல் வைத்த கை. அழுகிப் போகட்டும் என்று சொன்ன கை. அவமானம் வந்தால் சிலருக்கு அழுகை வரும். சென்றாயன் ஜாதிக்குக் கோபம்தான் வரும்.

"எதுக்குடா அவளை அடிச்ச?"

ஐந்து மாதமாக யாரும் நேருக்கு நேர் கேட்காத கேள்வி. பச்சியப்பன் முழுக்கைச் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மாட்டுப் பொங்கலுக்கு எங்க ஆபீஸ்காரங்க பத்துப் பேரு வந்திருந்தாங்க. கிளம்பற நேரத்துல என் சைக்கிள் செயின் கழண்டுக்கிச்சி. நான் மாட்டறேன் மாட்டறேன்னு நோண்டிக்கிட்டு இருந்தேன். அவ வந்தா. நவுருங்கன்னா. ஒரு சுத்துல மாட்டிட்டா. அப்புறம் பெடலைக் கையால சுத்திக் காமிச்சி, இப்ப போங்கன்னா." நிறுத்தினான். "எல்லாரும் சிரிச்சாங்க. மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டு மெக்கானிக் செலவு மிச்சமான்னாங்க."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

சென்றாயன் அவன் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தான். மேல் பொத்தான் தெறித்து ரோட்டில் விழுந்தது. "செயின் மாட்டத் தெரியாத நாயி, மாட்டி உட்டவளை அடிச்சியா நீயி? பத்துப் பேரு முன்னாடியா?"

"ஆமா. அடிச்சேன்." பச்சியப்பனின் குரல் ஏறியது. அன்று அதுதான் முதல் தடவை. "நீங்களும் அடிக்கறதுன்னா அடிங்க. கேக்க ஆளு இல்ல. ஆனா ஒண்ணு. வரலை வரலைன்னு ஊர்ல சத்தியம் பண்ணீங்களே, வர உட்டீங்களா?"

மேலே இருந்து விசில் சத்தம் கேட்டது. கவுஸ் பாய் வளைவில் நின்று கையை ஆட்டினார். "அங்க என்னாப்பா சண்டை? ஒட்டு காயறதுக்குள்ள அடிச்சிக்கிட்டு வந்து சேருங்க!"

சென்றாயன் கையை எடுத்தான். உட்கார்ந்தான். சிவப்பு ரப்பரை வெட்டினான். அப்பாவைப் போலவே எட்டு மூலை. கோபத்தோடு வெட்டியதால் இரண்டு மூலை சரியாக வரவில்லை. ஒட்டினான், அழுத்திப் பிடித்தான், ட்யூபைத் திணித்தான்.

"அடி" என்றான்.

பச்சியப்பன் பம்பைப் பொருத்திக் காற்றடித்தான். அந்த வேலையை மட்டும் அவன் நன்றாகவே செய்தான்.

தீர்த்தமலை அடிவாரத்தில் கவுஸ் பாய் நோட்டில் இரண்டு பெயரையும் எழுதினார். கடைசி ஜோடி. மற்றவர்கள் மலையேறித் தீர்த்தத்தில் தலை நனைத்துவிட்டு வந்தார்கள். சென்றாயன் ஏறவில்லை. பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு எந்தத் தீர்த்தம் சரிப்படும் என்று அவனுக்குத் தெரியவில்லை. புளியமரத்தடியில் படுத்தபடி யோசித்தான். அப்பா ஏன் சொல்லவில்லை? பெற்ற மகன் சபையில் எழுந்து பொய்ச் சத்தியம் செய்யும்போது, பக்கத்தில் நின்று தரையைப் பார்ப்பவர் எப்படிப்பட்ட அப்பா? யோசிக்க யோசிக்கப் பச்சியப்பன் மேல் இருந்த கோபத்தில் பாதி அப்பா மேல் திரும்பியது. மீதிப் பாதி எங்கும் போகவில்லை.

திரும்பும் வழியில் ரோடு இறக்கம். சென்றாயன் பிரேக்கைத் தொடாமல் வந்தான். மூன்று மணிக்குக் கம்பைநல்லூர். சைக்கிள் கடை முன்னால் கிளப் முழுவதும் நின்றது. தண்ணீர் குடிக்கப் பத்து நிமிஷம் என்றார் பாய். கடைத்தெருவில் இருந்தவர்களும் கூடிவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குக் கம்பைநல்லூரில் என்றைக்குப் பஞ்சம்?

பச்சியப்பன் தெருவிலேயே நின்றான். வாசல்படிக்குக் கீழே, மூன்றடி தள்ளி.

சென்றாயன் கடைக்குள் போனான். மாது ஒரு சக்கரத்தை மடியில் வைத்துக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்தாளு வந்தானா, இல்லியா?"

மாது சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். "வந்தாரு."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"அருவாளை எடுத்துக் கூரையில சொருவி வச்சிக்கிட்டு இருக்கறவங்கிட்ட எப்படிடா சொல்றது? ஒருத்தன் சுடுகாட்டுக்கு, ஒருத்தன் ஜெயிலுக்கு. எனக்கு ரெண்டு பேருமே மிச்சமில்லாம போவீங்க."

"சபையில சத்தியம் பண்ணேனே, அப்பவாச்சும் கையைப் புடிச்சி இழுத்திருக்கலாம் இல்ல?"

"இழுத்திருக்கணும்." மாது தலையைத் தூக்கவில்லை. "தைரியம் வரல."

"தைரியம் வரல! ஆனா ஒட்டு போட மட்டும் வந்திச்சி?"

"காத்து இல்லாத சைக்கிளை இந்த வாசல்ல இருந்து நான் அனுப்பினது இல்லடா. அது எமனோடதா இருந்தாலும்."

"மூணு தடவ போட்டிருக்கற."

"ரெண்டு தடவ."

"மூணுப்பா. நான் கையால தடவிப் பாத்தேன்."

"ரெண்டுதாண்டா. மாசியில ஒண்ணு, சித்திரையில ஒண்ணு. நான் போட்டது எனக்குத் தெரியாதா?"

அப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். உள்கதவு திறந்தது.

"மூணாவது நான் போட்டது" என்றாள் தீர்த்தம்மாள்.

பச்சைச் சேலை. கையில் தண்ணீர்ச் செம்பு. அதைக் கவுஸ் பாயிடம் கொடுக்க வாசல் வரை போய், கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று திரும்பினாள். அவள் பேசியது கடைக்கும் கேட்டது, தெருவுக்கும் கேட்டது.

"முந்தாநாளு. சந்தை நாளு. அப்பா சாமான் வாங்க அரூருக்குப் போயிருந்தாரு. கடையில நான் இருந்தேன். முத ரெண்டு தடவ பின்பக்கமா வந்தப்ப நாந்தான் அப்பாகிட்ட சொன்னேன், ஒளிஞ்சி வர்ற ஆளுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், அனுப்பிடுங்கன்னு. முந்தாநாளு தெருவோட வந்தாரு. சந்தைக் கூட்டம் பூராவும் பாக்குது. காத்து இல்லாம தள்ளிக்கிட்டு வந்து நிக்கறாரு."

சென்றாயனுக்கு டீக்கடைச் சிரிப்பு இப்போதுதான் விளங்கியது. காலையில் அவர்கள் சிரித்தது சீட்டுக்கு அல்ல. அவன் செய்த சத்தியத்துக்கு.

"கூப்புட வந்தீங்களா, பஞ்சருக்கு வந்தீங்களான்னு கேட்டேன்" என்றாள் தீர்த்தம்மாள். "பஞ்சருக்குன்னாரு."

கூட்டத்தில் யாரோ கொக்கரித்தார்கள். கவுஸ் பாய் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்; அடங்கிற்று.

"பஞ்சருக்கு வந்த ஆளுக்குப் பஞ்சர் போட்டேன். சந்தை பூரா பாக்க ஒக்காந்து போட்டேன். அவரு பம்பைப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. யாரு யாரோ சிரிச்சாங்க. கையை ஓங்கல."

"அப்ப போவப் போறியா அவங்கூட?" என்றான் சென்றாயன்.

"ஒட்டுதாண்ணா போட்டேன். போறேன்னு எப்ப சொன்னேன்?"

"பின்ன என்னாதான் வேணும் உனக்கு?"

"நீ என்னைக் கேட்டது இதான் முத தடவ." அவள் குரலில் கொஞ்சம்கூட ஈரம் இல்லை. "அஞ்சு மாசமா எனக்காக அருவா எடுத்த, சத்தியம் பண்ண, நாளு குறிச்ச. என்னா வேணும்னு ஒரு நாளு கேட்டியா? அவரு அடிச்சாரு, நீ அடைச்சி வச்ச. ரெண்டு பேருக்கும் பெருசா என்னா வித்தியாசம்?"

சென்றாயனுக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. அவன் அந்தத் தெருவில் வாயடைத்து நின்றதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அப்போது பச்சியப்பன் அசைந்தான். சைக்கிளை ஸ்டாண்டு போட்டான். மேல் பொத்தான் இல்லாத சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு மூன்றடி நடந்தான். வலது காலைத் தூக்கி வாசல்படியில் வைத்தான். கிளப்பும் பார்த்தது, கடைத்தெருவும் பார்த்தது, வெற்றிலையில் கை வைத்த மைத்துனனும் பார்த்தான்.

"தீர்த்தம்மா" என்றான். "கூப்புட வந்திருக்கேன்."

தீர்த்தம்மாள் அவன் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். ஐந்து மாதத்துக்கு முன் வீங்கியிருந்த கன்னம் அவனுக்கு நேராக இருந்தது.

"பத்துப் பேரு முன்னாடி அடிச்சீங்க" என்றாள். "புதன்கிழமை பெரியவங்க பத்துப் பேரு ஒக்காருவாங்க. அங்க வந்து, எதுக்கு அடிச்சீங்கன்னு வாயால சொல்லிட்டு, அப்புறம் கூப்புடுங்க. வர்றேனா இல்லியான்னு நானும் அங்கியே சொல்றேன்."

பிறகு அண்ணனிடம் திரும்பினாள். "நீயும் வா. உன் சத்தியத்தை நீயே எடுத்துக்கணும் இல்ல?"

உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

பச்சியப்பன் படியிலிருந்து காலை எடுத்தான். மாது கடையிலிருந்து இறங்கி வந்து, பின்சக்கரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். மகன் போட்ட ஒட்டு காற்றைப் பிடிக்கவில்லை. இரண்டு மூலை சரியாக வராத ஒட்டு. பெரிய பம்பைக் கொண்டுவந்து மகன் காலடியில் வைத்தார்.

அத்தனை பேர் பார்க்கச் சென்றாயன் குனிந்து காற்றடித்தான்.

விசில் ஊதியது. தர்மபுரிக்கு இன்னும் பதினாறு மைல். இறங்கும் காற்று எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரியாது. நோட்டில் பெயர் ஏற வேண்டுமானால் ஜோடியாகத்தான் போய் நிற்க வேண்டும்.

ஊர் எல்லை தாண்டியதும் பச்சியப்பன்தான் ஆரம்பித்தான்.

"புதன்கிழமை நான் சொல்லிடுவேன் மச்சான். நீங்க சொல்லுவீங்களா?"

சென்றாயன் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த வலது கையை ஒரு தடவை பார்த்தான். பிறகு முன்னைவிட வேகமாக மிதித்தான்.